ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போறீங்களா? லென்ஸைவிட மவுன்ட் முக்கியம்... 'வேட்டை' மட்டும் வேண்டவே வேண்டாம்!

'ஹன்ட்டிங் ஸ்கோப்' என்று ஆன்லைனில் தேடிப் பாருங்கள். மான் படம் போட்ட அட்டைப்பெட்டிகளில் 4×32, 3-9×40, 6-24×50 என எண்கள் வரிசைகட்டி நிற்கும். டீலருக்கு அடையாள ஆவணத்தை அனுப்பிப் பணம் கட்டினால் போதும். ரைபிளும் ஸ்கோப்பும் படூர் அபார்ட்மென்ட் வாசலுக்கே கூரியரில் வந்துவிடும்.

பிரச்னை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வாங்கியவர் மொட்டை மாடிக்குப் போவார். பத்து ரவுண்டு சுடுவார். ஒன்றுகூட ஒரே இடத்தில் விழாது. "ஸ்கோப் சரியில்லை" என்று அடுத்த ஸ்கோப்பைத் தேடுவார். இன்னொரு ரகமும் உண்டு. ஸ்கோப் நன்றாகவே வேலை செய்யும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு பக்கம் கொக்கு தேடிக் கிளம்பிவிடுவார். முதலாமவருக்குப் பணம்தான் நஷ்டம். இரண்டாமவர் சிறைக்கே போக நேரிடலாம்.

ஸ்கோப், மவுன்ட் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் பார்த்துவிடுவோம். முதலில் சட்டம்.

லைசென்ஸ் வேண்டாம்... ஆனால் சுட அனுமதி இல்லை!

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ-க்கு (0.177 இன்ச்) மிகாமலும், குழல்வாயில் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாமலும் இருக்கும் ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. 20 ஜூல் என்றால் எவ்வளவு? 0.54 கிராம் எடையுள்ள ஒரு சாதாரண பெல்லட், நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் பறந்தால் கிட்டத்தட்ட அந்த அளவை எட்டிவிடும். 'பவரை ஏத்தித் தர்றோம்' என்று யாராவது ஸ்பிரிங்கை மாற்றித் தந்தால், லைசென்ஸ் தேவைப்படாத பொருள் லைசென்ஸ் தேவைப்படும் பொருளாக மாறிவிடக்கூடும். வாங்கும்போது பில், ஆற்றல் அளவைக் குறிப்பிடும் தயாரிப்பாளர் சான்று இரண்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமம் வேண்டாம் என்பது வைத்திருப்பதற்குத்தான். வேட்டையாடுவதற்கு அல்ல. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிட்டிருக்கும் விலங்குகளையும் பறவைகளையும் வேட்டையாடுவது குற்றம். கொக்கு, மடையான், மீன்கொத்தி, கௌதாரி, முயல் என்று நம் ஊர் வயல்வெளியில் பார்க்கும் உயிர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சட்டம் 'வேட்டை' என்று சொல்வது கொல்வதை மட்டுமல்ல; காயப்படுத்துவதும், கொல்ல முயல்வதும்கூட வேட்டைதான். அதாவது, குறி தவறினாலும் குற்றம்.

2022 திருத்தத்துக்குப் பிறகு, இதற்கான பொதுவான தண்டனை 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மயில் போல முதல் பட்டியலில் இருக்கும் உயிரினம் என்றால், 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும். ரைபிளையும் ஸ்கோப்பையும் மட்டுமல்ல, போன பைக்கையும் பறிமுதல் செய்யலாம். "அப்போ தெருநாய்?" என்று கேட்பவர்களுக்கு: அதற்கு மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டுகள் வரை சிறை என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவும் சொல்கிறது.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்திலும் இதே கதைதான். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம் என்று 2025-ல் தமிழக அரசு அறிவித்தபோதும், அந்த வேலையைப் பயிற்சி பெற்ற வனத்துறையினருக்குத்தான் கொடுத்தது. ஏர் ரைபிள் வைத்திருக்கும் நமக்கு அல்ல.

பிறகு யூடியூபில் புறாவும் முயலும் சுடுகிறார்களே? அவற்றில் பலவும் இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் எடுத்தவை. அங்கே சட்டம் வேறு. ஸ்கோப் தேர்வுக்கு அந்த வீடியோக்கள் உதவும். மற்றதற்கு உதவாது.

துப்பாக்கிச் சத்தத்துக்கு எதிராக மனு கொடுத்த ஊர்

இது நேற்று டெல்லியில் போட்ட சட்டம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இதில் 200 ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. 18-ம் நூற்றாண்டின் இறுதியில், வேடந்தாங்கல் ஏரியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கொதித்துப்போய் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று எழுத்துபூர்வமான உத்தரவையும் வாங்கினார்கள். காரணம் இரக்கம் மட்டுமல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்காமல் அந்த ஏரியைப் பார்த்துக்கொள்கிறார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் அருகிலிருக்கும் கரிக்கிலியும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலங்கள் ஆயின.

ஏர் கன் சின்னப் பொருள்தானே, அதனால் என்ன பெரிய சேதம் வந்துவிடும் என்று தோன்றலாம். அருணாசலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர் கன் புழங்கி, காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோனது. 2021 மார்ச்சில் கிழக்கு காமெங் மாவட்டத்தின் லும்டுங் கிராமத்தில் 'ஏர் கன் ஒப்படைப்பு இயக்கம்' தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 1,600-க்கும் மேற்பட்ட ஏர் கன்களை மக்கள் தாங்களாகவே ஒப்படைத்தார்கள்.

எனவே, இனி இந்தக் கட்டுரையில் 'இலக்கு' என்று வரும் இடத்தில் எல்லாம் காகிதம், தகரம், பாட்டில் மூடி என்றே படித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப் கட்டாயமா?

இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அவர் ரைபிளில் ஸ்கோப் கிடையாது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் ரைபிளிலும் கிடையாது. ஏனென்றால், அந்தப் போட்டியில் டெலஸ்கோப் பார்வைக்கு அனுமதியே இல்லை. பின்னால் ஒரு சிறு துளை, முன்னால் ஒரு வளையம். அவ்வளவுதான். அதை வைத்துத்தான் 10 மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிபார்க்கிறார்கள்.

இதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. ஸ்கோப் ரைபிளைத் துல்லியமாக்காது. உங்கள் கை நடுக்கத்தையும் நிறுத்தாது. இலக்கைப் பெரிதாகக் காட்டும். கூடவே நடுக்கத்தையும் பெரிதாகக் காட்டும். போட்டிக்குத் தயாராக நினைக்கிறீர்கள் என்றால் ஸ்கோப் பணத்தை மிச்சம் பிடித்துப் பயிற்சிக்குக் கொடுங்கள். பொழுதுபோக்காக 20, 30 மீட்டரில் சின்னச் சின்ன இலக்குகளைச் சுட வேண்டும் என்றால் ஸ்கோப் உதவும். இங்கிலாந்தில் தொடங்கிய 'ஃபீல்டு டார்கெட்' என்ற விளையாட்டு முழுக்க இதற்காகவே இருப்பது. விலங்கு வடிவத் தகட்டில் ஒரு சிறு வட்டம் இருக்கும். அதில் பட்டால் தகடு சாயும். வேட்டையின் த்ரில் அத்தனையும் உண்டு, ரத்தம் மட்டும் இல்லை.

4×32 என்றால் என்ன?

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண், முன்பக்க லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 3-9×40 என்றால் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றலாம். முன் லென்ஸ் 40 மி.மீ.

இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4×32-ல் 8 மி.மீ. 3-9×40-ஐ 9 மடங்கில் வைத்தால் சுமார் 4.4 மி.மீ. 24×50-ல் 2 மி.மீ-தான். கற்றை குறுகக் குறுகக் காட்சி மங்கும்; கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதும் கஷ்டமாகும். 24 மடங்கு ஸ்கோப் வாங்கியவர்கள் "உள்ளே ஒரே கறுப்பா தெரியுது" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான்.

10 முதல் 30 மீட்டருக்கு 4 மடங்கு தாராளம். 40, 50 மீட்டர் வரை போகிறவர்களுக்கு 3-9 அல்லது 4-12 போதும். புதிதாகத் தொடங்குபவர் அதற்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை.

பாரலாக்ஸ்... பெட்டியில் தேட வேண்டிய சொல்

கட்டை விரலை நீட்டிப் பிடித்து, தலையை லேசாக அசைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் சுவரில் விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். ஸ்கோப்பிலும் இதே கதைதான். உள்ளே தெரியும் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் இல்லையென்றால், கண் நகர்ந்ததும் குறியும் நகரும். இதுதான் பாரலாக்ஸ் பிழை.

பெரிய துப்பாக்கிகளுக்கான பல ஸ்கோப்களை 100 கெஜத்துக்கு (சுமார் 91 மீட்டர்) செட் செய்து அனுப்புகிறார்கள். நீங்கள் சுடுவதோ 10, 20 மீட்டரில். இலக்கு மங்கலாகத் தெரியும், குறியும் தப்பும். அதனால், முன் லென்ஸில் திருகும் வளையம் உள்ள 'ஏ.ஓ' ரகம் அல்லது பக்கவாட்டில் குமிழ் உள்ள 'சைடு ஃபோகஸ்' ரகம் வாங்குங்கள். அது 10 மீட்டர் வரை இறங்குகிறதா என்று வளையத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நிலையான 4×32 வாங்கினால், ஏர் கன்னுக்கென்று குறைந்த தூரத்துக்கு செட் செய்ததா என்று கேளுங்கள்.

ஸ்பிரிங் ரைபிள் ஸ்கோப்பை உடைக்குமா?

உடைக்கும். குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் ரைபிளில், டிரிகரை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னோக்கிப் பாயும். ரைபிள் பின்னோக்கி உதைக்கும். அடுத்த கணமே பிஸ்டன் முன்னால் போய் மோதி நிற்கும். ரைபிள் முன்னோக்கிக் குலுங்கும். முன்னும் பின்னுமாக இரண்டு அடி. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னோக்கி மட்டுமே உதைக்கும். அதை மட்டும் தாங்கும்படி செய்த ஸ்கோப், விலை உயர்ந்ததாகவே இருந்தாலும், ஸ்பிரிங் ரைபிளில் லென்ஸ் தளர்ந்தோ குறுக்குக்கோடு அறுந்தோ போகலாம். 'கேஸ் பிஸ்டன்' ரகத்திலும் இதே ஆபத்து உண்டு.

எனவே, 'ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கும் ஸ்கோப்பை மட்டும் வாங்குங்கள். அழுத்தப்பட்ட காற்றுச் சிலிண்டர் கொண்ட பி.சி.பி ரைபிளில் உதை மிகக் குறைவு. அதற்கு இந்தக் கவலை இல்லை.

மவுன்ட்... இதில் கஞ்சத்தனம் கூடாது

ரைபிளையும் ஸ்கோப்பையும் இணைக்கும் கவ்விதான் மவுன்ட். 'குறி அலையுது' என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். வாங்கும்போது ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

1. தண்டவாள அகலம்: பெரும்பாலான ஏர் ரைபிள்களின் மேல்பக்கம் 11 மி.மீ அகலத்தில் 'டவ்டெய்ல்' எனப்படும் இரண்டு பள்ளங்கள் இருக்கும். சிலவற்றில் சுமார் 21 மி.மீ அகலமுள்ள, குறுக்கே வெட்டுகள் கொண்ட 'பிக்காட்டினி' இருக்கும். இரண்டுக்கும் மவுன்ட் வேறு வேறு. ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

2. ரிங் விட்டம்: ஸ்கோப்பின் உடல் குழாய் 25.4 மி.மீ (1 இன்ச்) அல்லது 30 மி.மீ இருக்கும். ரிங்கும் அதே அளவில் இருக்க வேண்டும்.

3. உயரம்: முன் லென்ஸ் பகுதி ரைபிளைத் தொடக்கூடாது, 2, 3 மி.மீ இடைவெளி போதும். அதற்காக ரொம்ப உயரமான ரிங் வாங்கினால் கன்னம் கட்டையில் படியாது, கண் நிலையாக நிற்காது. 32 மி.மீ லென்ஸுக்குப் பெரும்பாலும் தாழ்வான அல்லது நடுத்தர ரிங், 40 மி.மீ-க்கு நடுத்தர ரிங் பொருந்தும். குழலை மடக்கும் ரைபிள் என்றால், ஸ்கோப் முனை பெல்லட் போடும் இடத்தை மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. ஸ்டாப் பின்: ஸ்பிரிங் ரைபிளில் சுடச் சுட ஸ்கோப் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகரும். அதைத் தடுக்க, மவுன்ட்டின் அடியில் ஒரு சிறு முளை இருக்கும். ரைபிளின் மேல்பக்கம் உள்ள துளையில் அது உட்கார வேண்டும். துளை இல்லாத ரைபிளுக்கு, மவுன்ட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு ஸ்டாப்பர் போடலாம். ஸ்பிரிங் ரைபிளுக்கு இரண்டு தனி ரிங்குகளைவிட ஒரே துண்டாக வரும் மவுன்ட் நல்லது.

5. குழல் சாய்வு: மடக்கும் ரைபிள்கள் சிலவற்றில் குழல் லேசாகக் கீழ்நோக்கி இருக்கும். ஸ்கோப்பின் குமிழைக் கடைசி வரை திருகினாலும் பெல்லட் கீழேயே விழும். அப்படி இருந்தால், பின்பக்கம் சற்று உயர்ந்திருக்கும் 'ட்ரூப்' மவுன்ட் வாங்குங்கள்.

வீட்டிலேயே பொருத்துவது எப்படி?

ரைபிள் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்டவாளத்திலும் ரிங்கிலும் உள்ள எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். மவுன்ட்டின் அடிப்பகுதியை இறுக்கிவிட்டு, ஸ்கோப்பை வைத்து ரிங்குகளைத் தளர்வாக மூடுங்கள். வழக்கம்போலக் கன்னத்தை வைத்து, கண்ணை மூடித் திறங்கள். வட்டம் முழுதாகத் தெரியும் இடம்தான் சரியான இடம். பொதுவாகக் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் 7.5 முதல் 9 செ.மீ தூரம் இருக்கும்.

அடுத்து, குறுக்குக்கோட்டை நேராக்க வேண்டும். இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு போதும். கொஞ்ச தூரத்தில் அதைத் தொங்கவிட்டு, ரைபிளை நேராகப் பிடித்து, செங்குத்துக் கோட்டைக் கயிற்றோடு பொருத்துங்கள்.

பிறகு ஸ்க்ரூக்கள். கார் டயர் நட்டை முடுக்குவதுபோல மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ரிங்கின் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஆலன் கீயின் நீளமான பக்கத்தைப் பிடித்து முழு பலத்தோடு திருகினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்து இறுக்கினால் போதும். முதல் 20, 30 ரவுண்டுக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

ஜீரோ செய்வது... ஒரு சின்னக் கணக்கு

10 மீட்டரில் ஒரு வெள்ளைத்தாள். நடுவில் புள்ளி. ஒரே இடத்தைக் குறிபார்த்து 5 ரவுண்டு சுடுங்கள். ஒரு ரவுண்டைப் பார்த்துக் குமிழைத் திருகாதீர்கள். ஐந்தின் நடுப்புள்ளியைப் பாருங்கள். பல ஸ்கோப்களில் ஒரு 'கிளிக்' என்பது கால் எம்.ஓ.ஏ. அதாவது, 10 மீட்டரில் சுமார் 0.7 மி.மீ, 25 மீட்டரில் சுமார் 1.8 மி.மீ. 25 மீட்டரில் 18 மி.மீ கீழே விழுகிறது என்றால் 10 கிளிக் மேலே. 10 மீட்டரில் அதே 18 மி.மீ-க்கு 25 கிளிக் தேவைப்படும்.

ஸ்கோப் குழலுக்குச் சில சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. பெல்லட் வளைந்து போகிறது. அதனால் 25 மீட்டரில் சரியாக இருப்பது 5 மீட்டரில் கீழே விழும். அது கோளாறு இல்லை. ஐந்தும் சிதறி விழுந்தால்? மவுன்ட் ஸ்க்ரூ, பெல்லட், பிடிக்கும் முறை என்ற வரிசையில் சோதியுங்கள். ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையில் தளர்வாக ஏந்திச் சுட வேண்டும். ஒரே பெல்லட் எல்லா ரைபிளுக்கும் ஒத்துவராது. மூன்று, நான்கு வகை வாங்கிச் சோதிப்பது, புது ஸ்கோப் வாங்குவதைவிட மலிவு.

உப்புக்காற்று எச்சரிக்கை

கோவளம், முட்டுக்காடு, படூர், கேளம்பாக்கம் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை உண்டு. கடல் காற்றில் மவுன்ட் ஸ்க்ரூக்கள் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டால் கழற்றவே முடியாது. சுட்டு முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உலோகப் பகுதியில் லேசாக எண்ணெய் தடவுங்கள். லென்ஸில் எண்ணெய் படக்கூடாது. ஸ்பிரிங் ரைபிளின் காற்று அறைக்குள்ளும் எண்ணெய் ஊற்றக்கூடாது. அழுத்தத்தில் எரிந்து ஸ்பிரிங்கையும் சீலையும் பாழாக்கும்.

ஸ்பாஞ்ச் வைத்த பெட்டி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள். 'நைட்ரஜன் நிரப்பியது' என்ற ஸ்கோப்பின் உள்ளே பனி படியாது. ஆனால், ஏ.சி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸின் வெளிப்பக்கம் மங்கத்தான் செய்யும். துடைக்காமல் பத்து நிமிடம் விட்டால் தானாகச் சரியாகும்.

எங்கே சுடலாம்?

அபார்ட்மென்ட் மொட்டை மாடி அதற்கான இடமே இல்லை. பெல்லட் சில நூறு மீட்டர் வரை பறக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். தனி வீடு, சுற்றுச்சுவர் உள்ள சொந்த இடம் என்றாலும், இலக்குக்குப் பின்னால் களிமண்ணோ பழைய ரப்பரோ நிரப்பிய மரப்பெட்டி அவசியம். கல், கான்கிரீட் சுவரில் பட்டால் பெல்லட் திரும்பி வரும். கண்ணாடி அணியுங்கள். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உங்கள் பகுதியில் உள்ளூர்க் கட்டுப்பாடு ஏதாவது இருக்கிறதா என்று காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

முறையாகக் கற்க நினைப்பவர்களுக்குச் சென்னையில் வழி இருக்கிறது. எழும்பூரில் சென்னை ரைபிள் கிளப் உண்டு. வேளச்சேரி குருநானக் கல்லூரியில் துப்பாக்கிச் சுடுதளம் உண்டு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா போட்டிகள் நடந்த இடம் அது. பயிற்சி நேரம், கட்டணம் பற்றி நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பறவைகளைக் கிட்டத்தில் பார்க்க ஆசையா? ஸ்கோப் வழியாகப் பார்க்காதீர்கள். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ, அங்கேதான் குழலும் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு 8×42 பைனாகுலர் வாங்குங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வேடந்தாங்கலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். பைனாகுலருக்கு மவுன்ட்டும் வேண்டாம், ஜீரோவும் செய்ய வேண்டாம், வழக்கும் வராது!